சினை பிடிக்காத ஊர்

புதிதாகச் சேர்ந்திருக்கும் கால்நடை ஆய்வாளர்களுக்குப் பயிற்சியின் கடைசி நாளில் பேச வேண்டும் என்று கூப்பிட்டார்கள். "நல்லதா நாலு விஷயம் சொல்லுங்க சார், இருபது நிமிஷம்" என்றார்கள். நல்லதாக நான்கு என்னிடம் இல்லை. கெட்டதாக ஒன்று இருக்கிறது. அது இருபது நிமிஷத்தில் அடங்காது. அதனால் எழுதிக் கொடுக்கிறேன்.

முப்பது வருஷத்துக்கு மேல் மாடுகளுக்குச் சினை ஊசி போட்டவன் நான். ஊசி போடும் விதம், உறைவிந்துக் குச்சியை எத்தனை நொடி வெந்நீரில் வைப்பது என்பதெல்லாம் உங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அதைப் பற்றி ஒரு வார்த்தை எழுதமாட்டேன். என் கை ஒழுங்காக வேலை செய்துகொண்டிருந்த காலத்தில் என் மூளை தூங்கிக்கொண்டிருந்தது. அதைத்தான் எழுதுகிறேன்.

ஊர் பேர் சொல்லமாட்டேன். கோவைக்குக் கிழக்கே ஒரு ஓடையோரத்து ஊர். பேர் சொன்னால் நாளைக்கே அந்த ஊர்ப் பாலைச் சொசைட்டியில் திருப்பி அனுப்புவார்கள். அந்த ஊரில் பெண் எடுக்கமாட்டார்கள். சாயப்பட்டறை முதலாளிக்கு மட்டும் ஒன்றும் ஆகாது.

ஒரு காலத்தில் அந்த ஓடை, பட்டறையில் அன்றைக்கு எந்தச் சாயமோ அந்த நிறத்தில் போகும். ஊரே கூடிச் சண்டை போட்டது. பிறகு சுத்திகரிப்பு வந்தது. நான் அங்கே வேலைக்குப் போனபோது தண்ணீர் பளிச்சென்று இருந்தது. நிறம் போனதும் சண்டையும் போய்விட்டது. ஓடையை ஒட்டிப் போட்ட போர்வெல்களில் தண்ணீர் எடுத்து மாட்டுக்குக் காட்டினார்கள், சோளத்தட்டுக்குப் பாய்ச்சினார்கள், துவைத்தார்கள், சமைத்தார்கள். ஆற்றுத் தண்ணீர்க் குழாய் மேட்டுத் தெருவுக்குப் பத்து நாளைக்கு ஒரு தரம் வரும். ஓடையோரத் தெருவுக்கு அதுவும் கிடையாது.

அந்த ஓடையோரத் தெருவில்தான் தமிழ்ச்செல்வி வீடு. புருஷன் பழனிசாமி பட்டறையில் துணி அலசும் பக்கம் வேலை செய்தான். கல்யாணமாகி எட்டு வருஷம், குழந்தை இல்லை. இரண்டு முறை தரித்து, இரண்டும் மூன்று மாதம் தாங்கவில்லை. காலையில் வெறும் வயிற்றில் தைராய்டு மாத்திரை. அந்தத் தெருவில் பாதிப் பெண்களுக்கு அந்த மாத்திரை உண்டு. ஒருத்தியிடம் தீர்ந்துபோனால் பக்கத்து வீட்டில் கடன் வாங்கிக்கொள்வார்கள், காப்பித்தூள் வாங்குகிற மாதிரி. நான் அதைப் பார்த்துக்கொண்டே தினமும் அந்தத் தெருவில் வண்டி ஓட்டினேன். ஒரு நாள் கூட எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

அவள் கட்டுத்தரையில் ஒரே ஒரு செவலை மாடு. கன்றோடு வாங்கி வந்த மாடு. இந்த ஊருக்கு வந்தபிறகு சினை பிடிக்கவே இல்லை. மூன்றாம் தரம் ஊசி போட்டபோது அவளைச் சத்தம் போட்டேன்.

"பருவம் பாக்கத் தெரியாதா அம்மணி? நேரங்கெட்ட நேரத்துல கூப்பிட்டா ஊசி என்ன பண்ணும்?"

"ஏனுங்க, நேத்துப் பொழுதோட கத்துச்சு, இன்னிக்குக் காத்தால நீங்க வந்துட்டீங்க. இதுக்கு மேல எப்படிங்க பாக்கறது? மாட்டுக்குப் பக்கத்துல பாய் போட்டுப் படுத்துக்கட்டுங்களா?"

அவள் சொன்னது சரி. நேரம் சரி, மாடு சரி, என் குச்சியும் சரி. இருந்தும் அவள் மேல்தான் தப்பு என்று நினைத்தேன். நம் தொழிலில் இது ஒரு வியாதி. சினை பிடித்தால் நம் கைராசி. பிடிக்காவிட்டால் மாட்டுக்காரிக்குப் பருவம் பார்க்கத் தெரியவில்லை.

தாது உப்பு கொடுத்தேன். ஹார்மோன் ஊசி போட்டேன். ஆறாவது தடவையும் சினை பிடிக்காமல் மாடு திரும்பப் பருவத்துக்கு வந்தது. பதிவேட்டில் "மலட்டுத்தன்மை, சந்தைக்குத் தள்ளவும்" என்று எழுதினேன். அதை வாயாலும் சொன்னேன்.

பழனிசாமியின் அம்மா வாசலில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தது. நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னது: "மாடும் அப்படி, மாட்டைப் புடிச்சுட்டு நிக்கறவளும் அப்படி. ரெண்டையும் ஒரே வண்டில ஏத்திப்போடுங்க."

நான் சிரித்தேன். இதை எழுதாமல் விட்டிருக்கலாம். ஆனால் நீங்களும் ஒரு நாள் இப்படிச் சிரிப்பீர்கள் என்பதால் எழுதுகிறேன். வீட்டுக்காரர்கள் மனசு கோணக்கூடாது, நாளைக்கும் இந்த வாசலில் காப்பி கிடைக்கவேண்டும் என்று சிரிப்போம். தமிழ்ச்செல்வி மாட்டை அவிழ்த்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அந்தத் தெருவில் மட்டும் ஏகப்பட்ட மாடுகளுக்கு நான் அதே வரியை எழுதியிருக்கிறேன். எல்லாம் சந்தைக்குப் போயின. மாடு போனதும் என் பதிவேடும் சுத்தமாகிவிடும். என் அதிகாரிகள் அந்தப் பக்கத்தைப் பார்த்துத் திருப்தியாகக் கையெழுத்துப் போட்டார்கள்.

அதன் பிறகு எனக்கு அந்தியூர்ப் பக்கம் மாறுதல் வந்தது. மலையடிவாரத்து ஊர்கள். சேர்ந்த சில மாதத்தில் ஒரு தோட்டத்தில் சினை பார்க்கக் கூப்பிட்டார்கள். கட்டுத்தரையில் ஒரு செவலை. நெற்றி வெள்ளை ஒரு பக்கமாக வழிந்து, வலது கொம்பு நுனி உடைந்து... எனக்கு அந்த மாட்டைத் தெரியும். காது வில்லை நம்பரை எழுதிக்கொண்டு வீட்டுக்குப் போய்ப் பழைய டைரியைத் தேடிப் பார்த்தேன். தமிழ்ச்செல்வியின் மாடேதான். என் கையால் மலடு என்று எழுதிய மாடு. அன்று காலை அதே கையால் தடவிப் பார்த்தேன். நான்கு மாதச் சினை.

எத்தனை ஊசியில் பிடித்தது என்று தோட்டக்காரரைக் கேட்டேன். "ஒரே ஊசிங்க" என்றார். கொண்டுவந்த தரகரின் நம்பரையும் கொடுத்தார்.

தரகரைச் சந்தையில் பிடித்தேன். ஐம்பது வயது, வெற்றிலை வாய். நான் விஷயத்தைச் சொன்னதும் சிரித்துவிட்டார்.

"ஓ, தண்ணி மாடுங்களா!"

"அதென்ன தண்ணி மாடு?"

"அந்த ஓடைக்காட்டு ஊருங்கள்ல இருந்து வர்ற மாடுங்க. உடம்பு நல்லாருக்கும், பல்லு நல்லாருக்கும், செனை மட்டும் நிக்காது. நாங்க ஓட்டியாந்து மலையடிவாரத்துல நாலு மாசம் கட்டிப்போடுவோம். நல்ல தண்ணி, காஞ்ச தட்டு. அந்தத் தண்ணி உடம்ப உட்டு எறங்கிப்போச்சுன்னா செனை நின்னுக்கும். எல்லா மாட்டுக்கும் இல்லீங்க. பாதிக்கு மேல நின்னுக்கும்."

மாட்டுச் சந்தையில் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதே துண்டுக்கு அடியில் மணிக்கட்டை ஒரு தரம் அமுக்கினால் "இது தண்ணி மாடு" என்று அர்த்தமாம். வாங்குகிற தரகன் புரிந்துகொள்வானாம். விற்கிற விவசாயிக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது.

"இது எத்தனை நாளாத் தெரியும் உங்களுக்கு?"

"அந்த ஓடை கலரா ஓடுன காலத்துல இருந்துங்க."

"எங்க ஆபீசுக்கு வந்து ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"நீங்க கேக்கலீங்களே சார். மலடுன்னு எழுதி எழுதித் தள்ளுனீங்க. நாங்க ஓட்டிட்டு வந்தோம். உங்களாலதான் எங்க பொழப்பே ஓடுது." கிண்டல் செய்யவில்லை. நிஜமாகவே நன்றியோடு சொன்னார். அவரை அடிக்கலாம் என்று இருந்தது. ஆனால் அடிக்க வேண்டிய ஆள் அவர் இல்லை.

அந்தியூரில் என் மேலதிகாரி ஒரு பெண் மருத்துவர். யாரையும் உட்காரச் சொல்லமாட்டார். நான் போய் நின்று விஷயத்தைச் சொன்னேன். தண்ணீரில் ஏதாவது இருந்தால் பரிசோதனையில் தெரிந்திருக்காதா, இருந்தாலும் கொஞ்சூண்டுதானே இருக்கும் என்று கேட்டேன். அவர் மருந்து அலமாரியைத் திறந்து, நாம் தினமும் போடும் ஹார்மோன் ஊசியை எடுத்து மேஜையில் வைத்தார்.

"இதுல எத்தனை மில்லி?"

"ரெண்டு மேடம்."

"மாடு எத்தனை கிலோ?"

"நானூறு இருக்கும்."

"இந்த ரெண்டு மில்லியிலயும் மருந்து எவ்வளவு இருக்குன்னு அட்டையில படிங்க. கண்ணுக்குத் தெரியாத அளவு. அதைப் போட்டா நானூறு கிலோ மாடு பருவத்துக்கு வருது. இத்தனை வருஷம் கொஞ்சூண்டுதான் போட்டீங்க. கொஞ்சூண்டு என்ன செய்யும்னு என்னைக் கேக்கறீங்க!"

உடம்பு தன் ஹார்மோனைத் துளித்துளியாகத்தான் சுரக்கிறது. துணி அலசும் சோப்புகளில் சில, பிளாஸ்டிக்கை வளையவைக்கும் பொருட்களில் சில, அந்த ஹார்மோனைப் போலவே நடிக்கும். உடம்பு ஏமாந்துபோகும் என்று விளக்கினார். விஷம் என்றால் வாயில் நுரை தள்ளிச் சாகவேண்டும் என்று நினைத்திருந்தேன். இது சாகடிக்காது. மாடு தின்னும், நடக்கும், கறக்கும். சினை மட்டும் நிற்காது.

"அப்ப அந்தத் தண்ணிதான் காரணம்னு எழுதிடலாமா மேடம்?"

"எழுதக்கூடாது. உங்ககிட்ட நிரூபணம் இல்லை. சந்தேகம்னு எழுதுங்க. ஆனா அதுக்கு முன்னாடி உங்க டைரியை எடுத்து, எந்த மாடு எந்தத் தண்ணி குடிச்சுதுன்னு பிரிச்சுட்டு வாங்க."

பிரித்தேன். இனவாரியாகப் பிரித்திருக்கிறோம், காளைவாரியாக, குச்சி வந்த மாதவாரியாகப் பிரித்திருக்கிறோம். தண்ணீர்வாரியாக யாரும் பிரித்ததில்லை. நம் பதிவேட்டில் தண்ணீருக்குக் கட்டமே கிடையாது. எந்த வீட்டில் எந்தப் போர் என்பது எனக்கு மனப்பாடம். நான்கு நாள் உட்கார்ந்தேன். மேட்டுத் தெருவில் ஆற்றுத் தண்ணீரும் மழைக் குட்டைத் தண்ணீரும் குடித்த மாடுகள் ஓரளவு ஒழுங்காகச் சினை பிடித்திருந்தன. நான் தள்ளச் சொன்ன மாடுகளில் பெரும்பாலானவை ஓடையோரப் போர்த் தண்ணீர் குடித்தவை. ஒரே ஊர், ஒரே தீவனம், ஒரே ஆள் போட்ட ஊசி. அந்தக் காகிதத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். முதலில் பட்டறைக்காரன் மேல் வந்த கோபம் கொஞ்ச நேரத்தில் என் மேலேயே திரும்பியது. எல்லாம் என் கையெழுத்தில் இருந்தது.

தமிழ்ச்செல்விக்குப் போன் போட்டேன். உன் மாடு அந்தியூரில் சினையாக நிற்கிறது என்றேன்.

"அப்ப மாடு மலடு இல்லீங்களா?"

"இல்ல அம்மணி."

"வர்ற ஞாயித்துக்கிழமை எங்க ஒறம்பரை, சொந்தபந்தமெல்லாம் வாராங்க. என்னையப் பொறந்த ஊட்டுக்கு அனுப்பிப்போட்டு, அவருக்கு வேற பொண்ணு பாக்கறதுக்கு. நீங்க வந்து இதை அவங்க முன்னாடி சொல்லோணும். போன்ல சொன்னாப் பத்தாது."

அடுத்த வீட்டுக் குடும்ப விவகாரம். போகக்கூடாது என்றுதான் அனுபவம் சொன்னது. நான் மறந்துவிட்டேன் என்று சொல்லித் தப்பிக்கலாம். ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினேன்.

வாசலில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். நான் சொன்னேன்: மாட்டின் மேல் தப்பில்லை, தண்ணீர் மேல் சந்தேகம் இருக்கிறது, நான் எழுதியது தப்பு. பழனிசாமியின் தாய்மாமன் மீசையைத் தடவிக்கொண்டு, "சார், இது மாட்டுச் சமாச்சாரம். நாங்க பேசறது மனுசச் சமாச்சாரம்" என்றார்.

கதவோரம் நின்ற தமிழ்ச்செல்வி முன்னால் வந்தாள்.

"சரிங்க மாமா, மாட்டுச் சமாச்சாரமே பேசலாம். ஏனுங்க சார், ஊசிக்குச்சிக்குக் காளையப் புடிக்கறப்ப அதைச் சோதிப்பாங்களா மாட்டாங்களா?"

"சோதிக்காம எப்படி அம்மணி? காளையைத்தான் முதல்ல சோதிப்பாங்க. உயிரணு பத்தலைன்னா கழிச்சுப்போடுவாங்க."

"கேட்டுக்கிட்டீங்களா? மாட்டுக்கே காளையத்தான் மொதல்ல பாக்கறாங்க. எட்டு வருசமா என்னைய எத்தனை ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போனீங்க? உங்க ஊட்டுக் காளைய ஒரு நாள் கூட்டிட்டுப் போனீங்களா?"

ஒரு சின்னப் பெண் களுக்கென்று சிரித்தது. அதன் அம்மா அதன் முதுகில் ஒன்று வைத்தாள். "வாயப் பாரு வாய!" என்று பழனிசாமியின் அம்மா எழுந்தது. பழனிசாமி செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டான். என்னால் ஒரு குடும்பம் கெட்டது என்றுதான் அன்று பஸ்ஸில் நினைத்துக்கொண்டு வந்தேன்.

பத்து நாள் கழித்து அவனே கூப்பிட்டான். "சோதிச்சேங்க சார். குறைச்சல்னு சொல்லிப்போட்டாங்க. அலசற தண்ணிலயே பத்து வருசமா நிக்கறேன், அதனாலயான்னு கேட்டேன். அப்படியெல்லாம் சொல்ல முடியாதுன்னாங்க. எதனாலன்னு கேட்டேன். அதையும் சொல்ல முடியாதுன்னாங்க." பிறகு, "அம்மாகிட்ட நானே சொல்லிட்டேங்க. இனிமே அவளை யாரும் எதுவும் பேசமாட்டாங்க" என்றான். அந்த ஊரில் ஓர் ஆண் இதைத் தன் வாயால் சொல்வது எவ்வளவு பெரிய காரியம் என்று உங்களுக்குத் தெரியும். பட்டறை முதலாளி யாருக்கும் இவனளவு தைரியம் இருந்து நான் பார்த்ததில்லை.

அதற்கப்புறம்தான் ஊர்க்காரர்கள் விவசாயிகள் குறைதீர் கூட்டத்துக்குப் போனார்கள். நான் விடுப்பு எழுதிக்கொடுத்துவிட்டு என் காகிதத்தோடு போனேன். தண்ணீரைப் பரிசோதித்த அதிகாரி எழுந்து வரிசையாக வாசித்தார். உப்பு, நிறம், அமிலம், எல்லாமே அனுமதிக்கப்பட்ட அளவுக்குள். தமிழ்ச்செல்வி மைக்கை வாங்கினாள்.

"சார், நீங்க சொன்ன லிஸ்ட்டுல ஹார்மோனைக் கெடுக்கறது ஏதாவது இருக்குங்களா?"

"அதெல்லாம் நாங்க பாக்கற பட்டியல்ல வராதும்மா."

"பாக்காததை எப்படிங்க இல்லைன்னு சொல்றீங்க?"

அவர் காகிதத்தை மடித்துக்கொண்டார். அடுத்தது நான் எழுந்தேன். என் பழைய மாவட்டத்து அதிகாரி, "உங்களுக்கு இங்க என்ன வேலை? உட்காருங்க" என்றார். ஓய்வுக்கு ஒரு வருஷம்தான் இருந்தது. நின்றுகொண்டே முழுதும் படித்தேன். கூட்டக் குறிப்பில் "கால்நடை தொடர்பான சில கருத்துகள் தெரிவிக்கப்பட்டன" என்று ஒரு வரி ஏறியது. தண்ணீர் மாதிரியை எங்கேயோ அனுப்பினார்கள். அதற்கான கருவி இங்கே இல்லை என்று பதில் வந்தது. பட்டறை ஓடிக்கொண்டிருக்கிறது.

இங்கேதான் என் இரண்டாவது தப்பு. ஓடையோரத் தெருவுக்கு ஆற்றுத் தண்ணீர் கேட்டு மனு எழுத என்னிடம் வந்தார்கள். தமிழ்ச்செல்வி, "மாட்டுக்கும் எங்களுக்கும்னு எழுதுங்க" என்றாள். எனக்கு அரசாங்கம் தெரியும் என்ற திமிர். "எங்களுக்கும்னு போட்டா ஃபைல் பத்து ஆபீஸ் சுத்தும் அம்மணி. மாட்டுக்குன்னு மட்டும் போட்டா சொசைட்டிக்காரங்களும் கூட நிப்பாங்க, சீக்கிரம் வந்துரும்" என்று அந்த வார்த்தையை அடித்துவிட்டேன். சீக்கிரம்தான் வந்தது. பால் குறைகிறது என்றதும் ஆறே மாதத்தில் தொட்டி கட்டி, ஆற்றுத் தண்ணீர்க் குழாய் போட்டு, மஞ்சள் போர்டும் வைத்துவிட்டார்கள்: "கால்நடைகளுக்கு மட்டும்."

ஓய்வு பெற்ற பிறகு ஒரு தரம் போயிருந்தேன். தொட்டிக் குழாயில் பெண்கள் வரிசையாகக் குடம் வைத்திருந்தார்கள். குழாய் திறக்க வந்த பஞ்சாயத்து ஆள் கத்திக்கொண்டிருந்தான்: "ஏம்மா, போர்டு படிக்கத் தெரியாதா? இது மாட்டுக்கு மட்டும்!"

தமிழ்ச்செல்வி குடத்தை எடுக்கவில்லை. "எங்களையும் மாட்டுக் கணக்குல சேத்து எழுதிக்கங்க சாமி. அப்பவாவது யாராச்சும் வந்து, ஏன் செனை நிக்கலைன்னு கேப்பாங்க" என்றாள்.

அவளுக்கு இன்னும் குழந்தை இல்லை. மருத்துவம் நடக்கிறது. அந்தப் போர்டு இன்னும் இருக்கிறது. நான் ஓய்வு பெற்றவன். உங்களிடம் பதிவேடு இருக்கிறது, பேனா இருக்கிறது. முதல் நாளே தண்ணீருக்கு ஒரு கட்டம் கோடு போட்டுக்கொள்ளுங்கள். அந்தத் தண்ணீரை வீட்டில் வேறு யார் குடிக்கிறார்கள் என்று பக்கத்தில் எழுதுங்கள். அது உங்கள் வேலை இல்லை என்று ஒருவர் கட்டாயம் வந்து சொல்வார். எழுதி முடித்துவிட்டு அவருக்குப் பதில் சொல்லுங்கள்.